அந்த மிக்ஸைச் செய்தது யார்?
ஊவாத் தோட்டங்களில் ஒலிக்கும் நடன இசையும் அதன் பின்னால் இருக்கும் பெயர்களும்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் போகும் தனியார் பஸ்களில், ஹாலிஎலை முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில், நமுனுகலை அடிவாரத் தோட்டங்களின் திருவிழா இரவுகளில் இன்று ஒலிக்கும் பாடல்களில் கணிசமானவை எந்த நிறுவனமும் வெளியிட்டவை அல்ல. பழைய சினிமாப் பாட்டொன்றின் பல்லவி, அதன் கீழே இடி போன்ற ஒரு பேஸ், இடையில் தப்புச் சத்தம், திடீரென்று ஒரு பைலாத் துண்டு, பிறகு பெயர் தெரியாத ஓர் ஆங்கிலப் பாட்டு. இப்படி ஒரு மணித்தியாலம் இடைவிடாமல் ஓடும். கொமியூனிகேஷன் கடையில் ‘சிப்’புக்கு ஏற்றியது, வட்ஸ்அப்பில் வந்தது, பென்டிரைவில் கைமாறியது என்று அது தோட்டம் தோட்டமாகப் போகும். யார் செய்தது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “தெரியாது, யாரோ ஒரு டி.ஜே.”

அந்த ‘யாரோ’வைப் பற்றியது இக்கட்டுரை. எலெக்ட்ரோனிக் நடன இசை என்று உலகம் அழைக்கும் இசையின் புதிய மிக்ஸ்களை எப்படித் தேடுவது, அவற்றைச் செய்தவர்களை எப்படிக் கண்டறிவது, இந்த இசைக்கும் தோட்டப்புறத் தமிழருக்கும் என்ன உறவு என்பவற்றை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவது இதன் நோக்கம். பொழுதுபோக்குச் சங்கதிதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. பெயர் இல்லாமல் வேலை செய்வதும், வேலையின் பலன் வேறொருவர் பெயரில் போவதும் இந்த மலைகளில் இருநூறு வருடக் கதை. இசையிலும் அதுவே நடக்கிறது.

மிக்ஸ், ரீமிக்ஸ், டி.ஜே.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஏற்கெனவே உள்ள ஒரு பாடலைப் பிரித்து, அடியை மாற்றி, புதிய சத்தங்களைச் சேர்த்து மீண்டும் கட்டுவது ரீமிக்ஸ். 1970இல் வந்த ‘சொர்க்கம்’ படத்தின் ‘பொன்மகள் வந்தாள்’ பாடலை 2007இல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் மாற்றியமைத்தது நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். பல பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக, அடி அறுந்துபோகாமல் இணைத்துக்கொண்டு போவது மிக்ஸ். நம் ஊரில் அதை ‘நொன்ஸ்டொப்’ என்கிறோம். இன்னொரு பதிவிலிருந்து வெட்டி எடுத்துப் புதிய பாட்டில் பதிக்கும் சிறு துண்டுக்கு சாம்பிள் என்று பெயர்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஆடுகிறவரின் கால் தடுமாறக்கூடாது. இரண்டு பாட்டின் வேகமும் ஒன்றாக வேண்டும், அடி அடியோடு விழ வேண்டும், எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்ற கணக்கு தெரிய வேண்டும். அந்தக் கணக்கு தெரிந்தவரே டி.ஜே. புதிய சத்தங்களை உருவாக்கிப் பாட்டாக்குகிறவரை புரொடியூசர் என்பார்கள். பலர் இரண்டு வேலையையும் செய்கிறார்கள்.

வேகத்தை ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று அளப்பது வழக்கம். ஹவுஸ் இசை ஏறத்தாழ 120 முதல் 130 அடி. டெக்னோ அதைவிடச் சற்று வேகமாகவும் கடினமாகவும் இருக்கும். டப்ஸ்டெப் 140ஐ ஒட்டியது. ட்ரம் அண்ட் பேஸ் 160ஐத் தாண்டும். தென்னாபிரிக்காவின் அமாபியானோ 110 – 115 அளவில் ஆறுதலாக நடக்கும். உங்களுக்குப் பிடித்த மிக்ஸின் வேகமும் வகையும் தெரிந்தால் தேடுவதில் பாதி முடிந்துவிடும்.

கரும்புத் தோட்டத் தீவிலிருந்து

இந்த இசை பணக்கார நாடுகளின் பெரிய கிளப்புகளில் பிறந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அதன் வேர்களில் ஒன்று ஜமேக்காவில் இருக்கிறது. அது கரும்புத் தோட்டங்களுக்காக ஆபிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்து நிரப்பிய தீவு. அடிமை முறை ஒழிந்த பின் 1845 முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களும் அங்கே கப்பலேற்றப்பட்டார்கள். கிங்ஸ்டன் நகரின் வறிய குடியிருப்புகளில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, தெருவையே ஆட வைக்கும் ‘சவுண்ட் சிஸ்டம்’ பழக்கம் 1950களில் வளர்ந்தது. பாட்டின் குரலை எடுத்துவிட்டு, பேஸையும் ட்ரம்மையும் முன்னே கொண்டுவந்து எதிரொலி சேர்க்கும் ‘டப்’ முறையை கிங் டப்பி போன்ற ஒலிப்பொறியாளர்கள் உருவாக்கினார்கள். இன்றைய ரீமிக்ஸின் முன்னோடி அது.

கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்த கிளைவ் கேம்பல், டி.ஜே. கூல் ஹேர்க் என்ற பெயரில் அந்தப் பழக்கத்தைத் தன்னோடு கொண்டுபோனார். 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி பிராங்ஸ் பகுதியின் அடுக்குமாடிக் கட்டடமொன்றில் அவர் இசைத்த விருந்தையே ஹிப்ஹொப்பின் தொடக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். பாடசாலைக்குப் புது உடுப்பு வாங்கக் காசு சேர்ப்பதற்காக அந்த விருந்தை ஒழுங்குசெய்தவர் அவருடைய தங்கை சின்டி. 1977இல் சிக்காகோவின் ‘வெயார்ஹவுஸ்’ கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைக்கத் தொடங்கினார். அந்த இடத்தின் பெயரிலிருந்தே ‘ஹவுஸ்’ என்ற பெயர் வந்தது. மோட்டார் தொழிற்சாலைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த டெட்ரோயிட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் ஆகிய கறுப்பின இளைஞர்கள் டெக்னோவை உருவாக்கினார்கள். தோட்டமும் தொழிற்சாலையும் கைவிட்ட மக்களின் பிள்ளைகள், மலிவாகக் கிடைத்த இயந்திரங்களை வைத்து உருவாக்கிய இசை இது. நம் தோட்டங்களில் இது இவ்வளவு எளிதாகப் பொருந்திப்போவதில் ஆச்சரியம் எதற்கு?

நம் பக்கத்து அடிகள்

மலையகத்தின் முதல் அடி தப்பு. விடியற்காலையில் தொழிலாளர்களைப் பெரட்டுக்களத்துக்கு அழைக்கத் தப்படித்த காலம் இருந்தது. அதே தப்பு சாவுக்கும் ஒலித்தது, கலியாணத்துக்கும் ஒலித்தது, தேர் இழுக்கவும் மாசியில் காமன் கூத்துக்கும் ஒலித்தது. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றி, சுதி பார்த்து, இரண்டு குச்சிகளால் ஒரே நேரத்தில் இரண்டு கணக்கு அடிக்கும் அந்தக் கலைஞர் எத்தனையோ வருடம் இரவு முழுவதும் ஒரு கூட்டத்தை ஆட வைத்தவர். ஆனாலும் சாதியின் பெயரால் அவர் ஒதுக்கப்பட்டார். ஆட்டத்துக்கு அவர் தேவைப்பட்டார், பந்தியில் தேவைப்படவில்லை.

இரண்டாவது அடி பைலா. போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் கரையோரத்தில் வளர்ந்த இந்த ஆட்ட இசையை, பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பஸ்டியன் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்களத்தில் பிரபலமாக்கினார். ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ அதைத் தமிழ் வீடுகளுக்கும் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கும் கொண்டுபோனது. பைலாவின் அடி ஆறுக்கு எட்டு, அதாவது மூன்று மூன்றாக விழும் இரண்டு கூட்டம். நம்மவர் திஸ்ர நடை என்று சொல்வதற்கு மிக நெருக்கமானது. காவடிச் சிந்தின் ஓட்டமும் அதுதான். ஐரோப்பிய நடன இசை நான்கு நான்காகச் சமமாக விழுவது. இலங்கை டி.ஜே.க்கள் செய்யும் ரீமிக்ஸ்களில் ‘6-8’, ‘பப்பரே’, ‘காவடி’ என்றெல்லாம் கோப்பின் பெயரிலேயே எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரு நான்கு அடிப் பாட்டை ஆறுக்கு எட்டாக மாற்றிக் கட்டுவது சுலபமான வேலையல்ல. நம் டி.ஜே.க்கள் அதைச் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள். இது இந்தத் தீவின் சொந்தக் கைவண்ணம், அதில் தமிழ், சிங்களம் என்ற வேலியும் கிடையாது.

இன்று பல தோட்டத் திருவிழாக்களில் தப்புக் குழுவின் இடத்தில் டி.ஜே. பெட்டிகள் நிற்கின்றன. அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வருவதும் சில சமயம் தப்புத்தான். யாரோ கைத்தொலைபேசியில் பதிந்த அடி வெட்டப்பட்டு, சுழற்றப்பட்டு, பேஸின் மேல் ஏற்றப்பட்டிருக்கும். அடித்தவருக்கு அது தெரியாது. கூலியும் கிடையாது.

யுத்தமும் ஆட்டமும்

யுத்தத்தைக் கடந்துவந்தவர்களுக்கு ஆட்ட இசை என்பது சங்கடமான விஷயம். ‘இவ்வளவு நடந்தபின் ஆட்டமா’ என்ற கேள்வி இன்றும் வீடுகளில் கேட்கிறது. ஆனால் இசையை நாம் எந்தக் காலத்திலும் விட்டதில்லை. 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடையால் பட்டரி கிடைக்காத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலியும் கசெட்டும் கேட்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. கையால் சுற்றும் வேகம் குறைந்தால் பாட்டும் இழுபடும். மின்சாரத்தால் ஆன இசை எது என்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மலையகமும் இதற்கு வெளியே இருக்கவில்லை. 1977 வன்முறையின்போது தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினார்கள். பிறகு அங்கேயும் யுத்தம் அவர்களைத் தேடி வந்தது. 1983 ஜூலையில் பதுளை நகரின் தமிழர் கடைகள் எரிந்தன. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அந்த வருடங்களில் இந்தப் பகுதியில் தமிழ் இளைஞர்கள் இரவில் கூடி நிற்பதே சந்தேகத்துக்குரியதாக இருந்தது. இன்று திருவிழா முடிந்த பின்னும் மைதானத்தில் நின்று ஆடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

யுத்தத்திலிருந்து வெளியேறியவர்களிடமிருந்தே தமிழரின் மிகவும் அறியப்பட்ட எலெக்ட்ரோனிக் இசையும் வந்தது. எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986இல் அகதியாக லண்டன் திரும்பியவர். ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒரே இயந்திரத்தில் அவர் பழகிய அடிகள் 2005இல் ‘அருளர்’ இசைத்தொகுப்பாயின. அது அவருடைய தந்தையின் இயக்கப் பெயர். ஈரோஸ் அமைப்பின் நிறுவுநர்களில் ஒருவரான அந்த அருளர்தான், 1977 வன்முறையில் அகதியானவர்களை ஏற்றிச் சென்ற கப்பலை வைத்து ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவர்.

அந்தத் தொகுப்புக்கு முன்பே, 2004இல், டி.ஜே. டிப்லோவோடு சேர்ந்து எம்.ஐ.ஏ. ஒரு மிக்ஸ்டேப் வெளியிட்டார். சாம்பிள்களுக்கு அனுமதி பெறப்படாததால் அது கடைகளுக்கு வரவில்லை. கைமாறியும் இணையத்தில் பகிரப்பட்டுமே பரவியது. நம் பென்டிரைவ் மிக்ஸ்களின் வழியும் அதுதானே. 2007இல் வந்த ‘கலா’ அவருடைய தாயின் பெயரைக் கொண்டது. அதற்காகச் சென்னையில் உருமி, தப்புக் கலைஞர்களை வைத்துப் பதிவுசெய்தார். அதில் உள்ள ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் ‘ஜெயம்’ படத்தின் திருவிழாப் பாட்டும், ‘பாம்பூ பங்கா’வில் இளையராஜாவின் ‘காட்டுக்குயிலு’வும் சாம்பிளாகக் கேட்கும்.

அடுத்த தலைமுறையில் சுவிட்சர்லாந்தின் சென்ட் கலன் நகரில் வளர்ந்த பிரியா ரகுவைச் சொல்ல வேண்டும். இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன பெற்றோரின் மகள். அவருடைய பாட்டுக்களைக் கட்டுகிறவர் அவருடைய சகோதரர். அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஜப்னா கோல்ட். இருவரும் சேர்ந்து 2021இல் ஒரு மிக்ஸ்டேப்பும் 2023இல் ‘சந்தோஷம்’ தொகுப்பும் தந்தார்கள்.

‘என்ஜாய் எஞ்சாமி’: ஒரு பெயர் காணாமல் போன விதம்

ரீமிக்ஸில் பெயர் எப்படி மறைகிறது என்பதைப் புரிந்துகொள்ள நமக்கு மிக நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’யைப் பாடியவர்கள் தீயும் அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றும் 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்க வேண்டும் என்றும் எண்ணிப் பிரித்தது. அப்படிக் கப்பலேறிய ஒரு குடும்பத்தின் நினைவும் ஒப்பாரியும் அந்தப் பாட்டுக்குள் இருக்கின்றன. காணொளியில் வள்ளியம்மாளும் தோன்றுகிறார். பதுளையிலும் ஹப்புத்தளையிலும் அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தங்கள் வீட்டுக் கதை போலவே இருந்ததில் வியப்பில்லை.

அதே வருடம் பிரெஞ்சு டி.ஜே. ஸ்னேக் அதை ரீமிக்ஸ் செய்தார். உலகெங்கும் நடன மேடைகளில் அறியப்பட்ட பெயர் அவருடையது. அந்த ரீமிக்ஸுக்காக நியூயோர்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் வைக்கப்பட்ட விளம்பரத்தில் அறிவு இல்லை. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையிலும் அவர் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்ட பலர் கேள்வி எழுப்பிய பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலேயே பாட்டு மேடையேறியது. யார் எதைச் செய்தார்கள் என்பது பற்றி மூவரும் பகிரங்கமாக வெவ்வேறு விளக்கங்களைத் தந்தார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து அதுவரை தமக்கு வருமானம் வந்து சேரவில்லை என்று சொன்னார்.

இந்தச் சர்ச்சையில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையல்ல. கோடிக்கணக்கானோர் கேட்ட, பெரிய நிறுவனங்கள் கையாண்ட ஒரு பாட்டிலேயே பெயரும் பணமும் இப்படிச் சிக்கலாகும் என்றால், லுணுகலையில் கைத்தொலைபேசியில் பதியப்பட்ட ஒரு தப்பு அடிக்கு என்ன நேரும்? மிக்ஸை ஆர்வத்தோடு தேடிக் கேட்கிறவர், செய்தவரின் பெயரையும் தேடுவது இதனால்தான் முக்கியமாகிறது.

தேடும் வழிகள்

1. குரல் முத்திரையைக் கவனியுங்கள். பெரும்பாலான இலங்கை மிக்ஸ்களில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை டி.ஜே.யின் பெயரைச் சொல்லும் ஒரு குரல் வரும். அதைக் கேட்டு எழுதி, யூடியூபிலும் சவுண்ட்கிளவுடிலும் தேடினால் மூலப் பக்கம் பெரும்பாலும் கிடைத்துவிடும். கோப்பின் பெயரையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

2. உள்ளே இருக்கும் பாட்டை அறிய ஷஸாம் செயலி உதவும். பாட்டின் வேகத்தையோ சுதியையோ டி.ஜே. அதிகம் மாற்றியிருந்தால் அது தடுமாறும். அப்போது இரண்டு பாட்டுக்கள் கலக்காத, ஒரு பாட்டு தனியாக ஓடும் நடுப்பகுதியில் மீண்டும் முயன்று பாருங்கள்.

3. பாட்டுப் பட்டியலைத் தேடுங்கள். உலகின் பெயர்பெற்ற மிக்ஸ்களுக்கு எந்த நிமிடத்தில் எந்தப் பாட்டு என்று ரசிகர்களே எழுதிவைக்கும் தளங்கள் உண்டு. ‘1001 ட்ராக்லிஸ்ட்ஸ்’, ‘மிக்ஸஸ்டிபி’ ஆகியவை அவற்றில் பெரியவை. ஒரு பாட்டை வெளியிட்டது யார், எந்த வருடம் என்பதை அறிய 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் ‘டிஸ்கொக்ஸ்’ தளம் உண்டு.

4. லேபளைப் பின்தொடருங்கள். ஒரு பாட்டு பிடித்தால் அதை வெளியிட்ட சிறு நிறுவனத்தின் மற்ற வெளியீடுகளைக் கேளுங்கள். பாட்டுக் கடையில் ஒரே தட்டைத் துழாவுவது போன்றது இது. பேண்ட்கேம்ப் தளத்தில் இது மிக எளிது. அங்கே சில கலைஞர்கள் நீங்கள் விரும்பிய விலைக்கும் இலவசமாகவும் தருவார்கள்.

5. வானொலிகளைக் கேளுங்கள். பிபிசி ரேடியோ 1இல் 1993 ஒக்டோபரில் பீட் டோங் தொடங்கிய ‘எசென்ஷல் மிக்ஸ்’, லண்டனின் என்.டி.எஸ்., டில்லியின் பொக்ஸவுட் எஃப்.எம். ஆகியவை கேட்டு வளர நல்ல இடங்கள். 2010இல் லண்டனில் ஒரு வெப்கேமராவோடு தொடங்கிய ‘பொய்லர் ரூம்’ உலகெங்கும் டி.ஜே.க்கள் இசைப்பதைக் காணொளியாக்குகிறது. பாட்டுக்களை மாற்றும் அவர்களின் கைகளைப் பார்த்தே தொழிலைக் கற்கலாம்.

6. டேட்டாவைக் கணக்குப் பாருங்கள். ஒரு மணித்தியால மிக்ஸ் 128 கேபிபிஎஸ் தரத்தில் ஏறத்தாழ 58 எம்பி பிடிக்கும். 320இல் 144 எம்பி. அதையே யூடியூபில் காணொளியாகப் பார்த்தால் பல மடங்கு ஆகும். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்த சமூகத்தில் இந்தக் கணக்கு சிறிய விஷயமல்ல. சவுண்ட்கிளவுடில் கலைஞர் அனுமதித்த மிக்ஸ்களை ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத மேல்கணக்கிலும் கேட்கலாம்.

கேட்டுத் தொடங்கச் சில பெயர்கள்

சரண்ஜித் சிங்: பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982இல் ரோலண்ட் இயந்திரங்கள் மூன்றைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ அடியில் பதிந்தார். அப்போது யாரும் கவனிக்கவில்லை. அதே டி.பி.-303 இயந்திரத்தை வைத்து சிக்காகோ இளைஞர்கள் ‘அசிட் ஹவுஸ்’ என்ற வகையைப் படைத்தது 1987இல். ஒரு டச்சுச் சேகரிப்பாளர் பழைய இசைத்தட்டைக் கண்டெடுத்து 2010இல் மறுவெளியீடு செய்த பிறகே உலகம் சிங்கைத் தேடிவந்தது. 2015இல் அவர் காலமானார்.

‘என்.ஐ.டி. டேப்ஸ்’: அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவகத்தில் 1969இல் ஒரு மூக் சின்தசைசர் நிறுவப்பட்டது. கீதா சாராபாய் உள்ளிட்டோர் 1972 வரை செய்த பதிவுகளைப் பல வருடங்களுக்குப் பிறகு போல் பர்காஸ் அங்கேயே கண்டெடுத்தார். 2023இல் அவை இசைத்தொகுப்பாக வந்தன.

டேடைமர்ஸ்: 2020இல் உருவான பிரித்தானியத் தெற்காசிய டி.ஜே.க்களின் கூட்டமைப்பு. இரவில் வெளியே போக வீட்டில் விடாத 1980, 90களின் பிள்ளைகள் பகலில் நடத்திய ஆட்ட விருந்துகளின் நினைவாக வைத்த பெயர். 2021இல் பொய்லர் ரூமில் அவர்கள் இசைத்த மிக்ஸ்கள் பரவலாகப் பேசப்பட்டன.

ஜம்புடெக் ரெக்கோடிங்ஸ்: கொழும்பில் அஸ்வஜித் தொடங்கிய எலெக்ட்ரோனிக் இசை லேபள். இலங்கையிலிருந்து வரும் டெக்னோ எப்படி இருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் இங்கே தொடங்கலாம்.

சிங்கெலி: தன்சானியாவின் டார் எஸ் சலாம் நகரப் புறக்குடியிருப்புகளில் பழைய கணினிகளில் கட்டப்படும், நிமிடத்துக்கு 200 அடியையும் தாண்டும் இசை. உகண்டாவின் ‘நியேகே நியேகே டேப்ஸ்’ 2017இல் ‘சவுண்ட்ஸ் ஒஃப் சிஸ்ஸோ’ என்ற தொகுப்பை, செய்த ஒவ்வொருவரின் பெயரோடும் வெளியிட்டது. அந்த இளைஞர்கள் பின்னர் ஐரோப்பிய மேடைகளுக்கு அழைக்கப்பட்டார்கள். திருவிழா ஆட்டத்துக்காகச் செய்த உள்ளூர் இசை, பெயர் பொறிக்கப்பட்டதால் வாழ்வாதாரமானது. நம்மவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய உதாரணம் இது.

தோட்டத்தில் மிக்ஸ் செய்கிறவர்களுக்கு

தோட்டங்களில் டி.ஜே. என்று அறியப்படுகிறவர்களில் பலர் கொழும்புக் கடைகளிலும் எல்ல சுற்றுலா விடுதிகளிலும் வேலை செய்துவிட்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மடிக்கணினியோடு ஊர் திரும்புகிறவர்கள். வேர்ச்சுவல் டி.ஜே., எஃப்.எல். ஸ்டூடியோ போன்றவற்றைத் தாமே பழகியவர்கள். பணம் இல்லாதவர்கள் ஓடாசிட்டி, எல்.எம்.எம்.எஸ். ஆகிய இலவச மென்பொருட்களில் தொடங்கலாம். அவர்களுக்குச் சில குறிப்புகள்.

மிக்ஸோடு பாட்டுப் பட்டியலையும் எழுதுங்கள். பாடகர், இசையமைப்பாளர், ரீமிக்ஸ் செய்தவர் என்று ஒரு வரி போதும். மிக்ஸ்கிளவுட் போன்ற தளங்கள் உள்ளே உள்ள பாட்டுக்களின் உரிமையாளருக்குத் தொகை செலுத்தும் ஏற்பாட்டோடு இயங்குகின்றன. அங்கே உங்கள் பெயரிலேயே ஒரு பக்கம் வைத்திருந்தால் அதுவே உங்கள் அறிமுக அட்டை.

தப்பு, உருமி, காமன் கூத்துப் பாட்டு எதைப் பதிந்தாலும் அனுமதி கேளுங்கள். வாசித்தவர்களின் பெயர், தோட்டம், திகதி, எந்தச் சடங்கின் அடி என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவுக்கு அடிக்கும் அடியை ஆட்டப் பாட்டில் சேர்க்கலாமா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். மிக்ஸுக்குக் காசு வந்தால் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளிக்குப் பெயர் குறிப்பிடப்படும் உரிமையைத் தருகிறது. நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் அது பாதுகாப்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. அந்தச் சட்டம் உங்கள் மிக்ஸுக்குள் இருக்கும் மற்றவரின் பாட்டுக்கும் பொருந்தும், நீங்கள் சொந்தமாகக் கட்டிய அடிக்கும் பொருந்தும்.

திருவிழாவில் பெட்டி வைக்கிறவர்கள் நேரத்தையும் கவனிக்க வேண்டும். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழங்கிய உத்தரவு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்துகிறது. பொலிஸ் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் பெற்றுக்கொள்வது வீண் பிரச்சினைகளைத் தவிர்க்கும்.

இன்னொன்றும் உண்டு. நம் திருவிழா மைதானங்களில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பகல் முழுவதும் கொழுந்து பறித்த பெண்கள் ஓரத்தில் நின்று பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் சமைக்கிறார்கள். குடியும் சண்டையும் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப வீட்டில் பயம். டேடைமர்ஸ் பெயருக்குப் பின்னால் இருக்கும் பகல் விருந்துகள் இதற்கு ஒரு வழியைக் காட்டுகின்றன. பகலில், குடியில்லாமல், வாசிகசாலைக் கட்டடத்திலோ பாடசாலை மண்டபத்திலோ ஓர் ஆட்ட நிகழ்ச்சி நடத்துவதைத் தடுப்பது எது? சின்டி கேம்பல் செய்ததும் அப்படியொரு சிறு ஏற்பாடுதான்.

அடுத்த முறை பஸ்ஸிலோ வட்ஸ்அப்பிலோ ஒரு நல்ல மிக்ஸ் காதில் விழுந்தால், அனுப்பியவரிடம் கேளுங்கள்: இது யார் செய்தது? பதில் கிடைத்தால் அந்தப் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் மேலே சொன்ன வழிகளில் தேடுங்கள். பெரட்டுத் தப்பு அடித்தவர்களின் பெயர்களை எந்தச் செக்ரோலும் கலைஞர் என்று பதிந்து வைக்கவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளின் பெயர்களையாவது நாம் எழுதிவைக்கலாம்.